பாரதி பாடல்கள் பொதுவுடைமையான வரலாறு

மகாகவி சுப்பிரமணிய பாரதியார் 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் சென்னையில் மறைந்தார். குடும்பத்திற்கு அவர் விட்டுச்சென்ற செல்வம் அவருடைய எழுத்தேயன்றி வேறில்லை. அந்நூல்களைத் தாமே வெளியிட மனைவியார் செல்லம்மாள் முயன்றார், வறுமை இடங்கொடுக்கவில்லை. நாளடைவில் பதிப்புரிமை கவிஞரின் தம்பி விசுவநாத ஐயரிடஞ் சென்றது. இசைத்தட்டுரிமையோ வணிகர் கைமாறி, 1946இற் படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது.

சட்டப்படி இதிற் குற்றமில்லை. ஆக்கியோன் உரிமை, வீடும் நிலமும் போல விற்கத்தக்க சொத்து. அச்சிடும் உரிமை ஒன்று. இசைத்தட்டிற் பதியும் உரிமை மற்றொன்று. இரண்டும் இருவேறு கைகளில் இருக்கலாம். ஆயினும், நாடே பாடிய பாட்டைத் திரையிற் பாட ஒருவரது அனுமதி வேண்டுமோ? டி. கே. எஸ். சகோதரரின் 'பில்ஹணன்' படத்திற் பாரதி பாடல் இடம்பெற்றபோது இவ்வினா வழக்காக மூண்டது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர் பாரதி விடுதலைக்காகக் கிளர்ந்தனர்.

1949இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த காலத்தில், சென்னை அரசாங்கம் உரிமைகளை ஏற்றது. செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாது அளித்தார். கவிஞரின் குடும்பத்தாருக்கு அரசாங்கம் பொருளுதவி செய்தது. பின்னர் அப்பாடல்கள் மக்களுக்கே பொதுவாயின. ஆனால், செல்லம்மாளுக்கு அவ்வுதவி கிட்டியது கணவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னரே.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமையைக் காக்கின்றது. எனினும், விற்றுவிட்ட உரிமை வாங்கியவனையே காக்கும். ஆதலால், எவ்வுரிமையை, எத்தனை காலத்திற்குக் கொடுக்கின்றோம் என்பதை ஆராய்ந்த பின்னரே எழுத்தாளன் கையொப்பமிடல் வேண்டும்.