மில் தொழிலாளியின் சாப்பாட்டுத் தட்டு

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகைக்கு ஆளாகிக்கொண்டிருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெருத்துப்போன சிவப்பணுக்கள். மருத்துவ உலகம் அப்போது நன்கு அறிந்திருந்த பெர்னிஷியஸ் அனீமியாவிலும் ரத்தம் இப்படித்தான் இருக்கும். அதற்குக் கல்லீரல் சாறு மருந்து. ஆனால் சுத்திகரித்த சாறு இந்தப் பெண்களிடம் பலிக்கவில்லை.

அடுத்து வில்ஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ரத்தத்தோடு நிற்காமல் தட்டைப் பார்த்தார். யார் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள்? குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அதே சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டார். எலிகளுக்குப் பேன் பிடித்து அந்த முடிவுகள் குழம்பிப்போனது தனிக்கதை. பிறகு குரங்குகள். கடைசியில் கைகொடுத்தது மார்மைட். பீர் காய்ச்சி மிஞ்சிய ஈஸ்ட்டில் செய்யும் கறுப்பான, உப்புக் கரிக்கும், மலிவான பசை. பெண்கள் தேறினார்கள். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். அதிலிருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் ஃபாக்டர்' என்றார்கள். 1941இல் டெக்ஸாஸில் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஃபோலியம் என்றால் லத்தீனில் இலை.

1995இல் கதை ஜீனுக்குள் போனது. உடல் ஃபோலேட்டைப் பயன்படுத்த உதவும் ஒரு நொதியின் ஜீன், எம்டிஎச்எஃப்ஆர். அதன் 677ஆம் இடத்தில் சி இருக்கவேண்டிய இடத்தில் சிலருக்கு டி. மான்ட்ரியல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இதைத்தான்.

வருடக்கணக்காகச் சோர்வோடு அலையும் என் நண்பன் ஒருவன் எச்சிலை அனுப்பி ஒரு ஜீன் ரிப்போர்ட் வாங்கினான். இரண்டு டி. சிவப்பு எழுத்தில். "மச்சி, எனக்கு ஃபோலிக் ஆசிட் உடம்புல ஏறவே ஏறாதாம்டா" என்றான். விலை கூடிய மெத்தில்ஃபோலேட் மாத்திரை ஏற்கனவே ஆர்டர் போட்டாச்சு.

ஏறும். அதே அளவு ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், இரண்டு டி உள்ளவர்களின் ரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16% குறைவாக இருக்கும், அவ்வளவுதான். ரத்தக்கட்டு, தொடர் கருச்சிதைவு என்று வருபவர்களுக்குக்கூட இந்தச் சோதனையை எழுதாதீர்கள் என்று அமெரிக்க மருத்துவ மரபியலாளர் கல்லூரி 2013லேயே சொல்லிவிட்டது.

என் பயம் வேறு. 1940களில் பெர்னிஷியஸ் அனீமியா நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். ரத்தம் தேறியது, நரம்புகள் மட்டும் கெட்டுக்கொண்டே போயின. அவர்களுக்குக் குறைந்திருந்தது பி12. அது பிரித்தெடுக்கப்பட்டதே 1948இல்தான். வில்ஸின் பெண்களிடம் கல்லீரல் சாறு ஏன் தோற்றது என்பதும் இங்கே புரிகிறது. சுத்திகரித்த சாற்றில் இருந்தது பி12, அவர்களுக்கு வேண்டியிருந்தது ஃபோலேட். ரத்தம் ஒன்றுபோல, பற்றாக்குறை வேறு வேறு.

நண்பன் சுத்த சைவம். பால்கூட அவனுக்கு ஆகாது.

"பி12 பாத்தியாடா?"

"இந்த ரிப்போர்ட்ல அது இல்லையே."