விமானத்தின் திரைச்சீலையும் ஐரோப்பாவின் குளிர்காலமும்

விமானத்தில் முதல் வகுப்பு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கதவு வைத்த தனி அறை, நேராக நீளும் படுக்கை, பீங்கான் தட்டில் சாப்பாடு... இறங்கினால் வியன்னாவிலோ பாரிஸிலோ பனி, நீளமான கோட்டு, விளக்கு போட்ட கிறிஸ்துமஸ் கடைவீதி. இந்த மாதிரி வீடியோக்களை எங்கள் வகுப்பில் பாதி பேர் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "காசு இருக்கிறவன் அனுபவிக்கிறான்!"

நான் படிப்பது பி.காம். அதனால் எனக்கு வந்த சந்தேகம் கொஞ்சம் வேறு. இந்த முதல் வகுப்பு எப்போது வந்தது? குளிரில் நடுங்கிக்கொண்டே ஊர் சுற்றுவது எப்போதிலிருந்து இன்பமாக ஆனது? தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். இரண்டுக்கும் பின்னால் ஒரே கணக்குப் பிரச்சினை இருக்கிறது. இன்று விற்காத சோப்பை நாளை விற்கலாம். இன்று காலியாகப் பறந்த இருக்கையை நாளை விற்க முடியாது. இன்றிரவு காலியாகக் கிடந்த ஹோட்டல் அறையும் அப்படியே. இந்த நஷ்டத்தை எப்படித் தவிர்ப்பது என்று யோசித்தவர்களின் கதைதான் இது.

கூரை இல்லாத ரயில் பெட்டி

விமானத்துக்கு முன்னால் ரயில். பிரான்சில் ரயில் வந்த புதிதில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் வெறும் மரப்பலகைதான், சிலவற்றுக்குக் கூரையே கிடையாது. மழை, வெயில், புகை எல்லாம் தலைமேல். கம்பெனிக்குக் கூரை போடக் காசு இல்லையா? ஜூல் டுப்யூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். கூரையின் செலவு ஒரு விஷயமே இல்லை. மூன்றாம் வகுப்பும் வசதியாக இருந்தால், இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவரும் அதிலேயே ஏறிவிடுவார். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஏழையை வதைப்பது நோக்கம் இல்லை, நடுவில் இருப்பவரைப் பயமுறுத்துவதே நோக்கம். அதே காரணத்துக்காகத்தான் முதல் வகுப்புக்காரருக்குத் தேவைக்கு மேல் உபசாரம்.

நம் பாடப்புத்தகத்தில் 'விலைப் பாகுபாடு' என்று ஒரு பாடம் வருமே, அதன் மூதாதைகளில் ஒருவர் இவர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது இந்தக் கூரை கதையையும் யாராவது சொல்லியிருந்தால் மறக்கவே மறக்காது :-)

எல்லோருமே முதல் வகுப்புதான்

விமானப் பயணம் தொடங்கிய காலத்தில் நீண்ட பாதைகளில் வகுப்புப் பிரிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. ஏறுகிறவர் எல்லோரும் பணக்காரரோ அரசாங்க அதிகாரியோதான். லண்டனின் க்ராய்டன் விமான நிலையத்தில் பெட்டியை மட்டும் அல்ல, பயணியையும் தராசில் ஏற்றி எடை பார்த்தார்கள். இம்பீரியல் ஏர்வேஸ் 1927-ல் லண்டன் – பாரிஸ் பாதையில் 'சில்வர் விங்' என்ற சேவையைத் தொடங்கியது. பறக்கும்போதே மதியச் சாப்பாடு, பரிமாற ஆள். சொகுசு என்றால் அவ்வளவுதான். காற்றழுத்தம் சரிசெய்த கேபின் அப்போது கிடையாது. தாழ்வாகப் பறந்து, மேகத்துக்குள் குலுங்கி, காதடைத்துப் போய்ச் சேர வேண்டும்.

நம் நாட்டுக் கதையும் இதில் உண்டு. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் கிளம்பியது. 35 பயணிகள். டிக்கெட் 1,720 ரூபாய். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1950 நவம்பர் 3 அன்று, ஜெனீவாவுக்கு இறங்கவேண்டிய அதே விமானம் மோசமான வானிலையில் மோன் பிளாங்க் மலையில் மோதியது. அதில் இருந்த 48 பேரும் இறந்தார்கள். இன்று ஜன்னல் வழியாகப் போட்டோ எடுக்கும் அந்தப் பனிமலைகள் அன்றைய விமானிகளுக்கு வெறும் அழகு இல்லை.

டிக்கெட்டைப் பிரித்த நாள்

போருக்குப் பிறகு விமானங்கள் பெரிதாகின. இருக்கை கூடியது, பணக்காரர் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடவில்லை. என்ன செய்வது? சர்வதேசக் கட்டணங்களை அப்போது ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சங்கம் கூடி முடிவுசெய்யும், நினைத்தபடி குறைக்க முடியாது. பான் ஆம் போன்றவர்கள் பல ஆண்டு வற்புறுத்திய பிறகு, 1952 மே 1 முதல் அட்லாண்டிக் பாதையில் 'டூரிஸ்ட் வகுப்பு' வந்தது. நியூயார்க் – லண்டன் போய்வர 711 டாலராக இருந்தது புது வகுப்பில் 486 டாலர் ஆனது.

மறுநாள், மே 2, லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை கிளம்பியது. காமெட் விமானம். உலகமே அதைப் பற்றித்தான் பேசியது. ஆனால் சாதாரண மனிதன் விமானம் ஏற வழி செய்தது ஜெட் எஞ்சினைவிட முந்தைய நாள் மாறிய அந்த டிக்கெட் விலைதான் என்பது என் கட்சி.

கவனியுங்கள், அன்றுதான் அந்தப் பாதையில் 'முதல் வகுப்பு' என்ற பேருக்கே அர்த்தம் வந்தது. அதுவரை அது வெறும் விமானப் பயணம். பின்னால் ஒரு வகுப்பு வந்த பிறகே முன்னால் இருந்தது முதல் வகுப்பு ஆயிற்று!

1958-ல் இன்னும் மலிவாக 'எகானமி வகுப்பு' வந்தது. கூடவே ஒரு விதி. எகானமி பயணிக்குச் சூடான சாப்பாடு கூடாது. ஆறிப்போன, எளிமையான, மலிவான சாண்ட்விச் மட்டும்தான். ஸ்கேண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ் என்ன செய்தது தெரியுமா? அவர்கள் ஊரில் சாண்ட்விச் என்றால் ஒரே ஒரு ரொட்டித் துண்டு, அதன்மேல் மீன், இறைச்சி, முட்டை என்று குவித்து வைப்பார்கள். அதையே கொடுத்தார்கள். ரொட்டி இருக்கிறதே, சாண்ட்விச்தானே! பான் ஆம் புகார் கொடுத்தது. பெரிய பஞ்சாயத்து நடந்து எஸ்.ஏ.எஸ்-க்கு 20,000 டாலர் அபராதம் விழுந்தது. இதை 'சாண்ட்விச் சண்டை' என்றே சொல்கிறார்கள்.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் டுப்யூவின் கூரையை நினைத்துப் பாருங்கள். பின்னால் இருப்பவருக்கு நல்ல சாப்பாடு போட்டதற்காக அபராதம். 109 ஆண்டு கழித்தும் அதே கணக்கு.

திரைக்கு முன்னால்

1970 ஜனவரி 22 அன்று பான் ஆம் தன் முதல் 747-ஐ நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஓட்டியது. ஒரே விமானத்தில் 350 பேருக்கு மேல் உட்காரலாம். மறுபடியும் காலி இருக்கைப் பயம். தள்ளுபடி டிக்கெட்டுகள் பெருகின. முழு விலை கொடுத்த வியாபாரப் பயணி, பாதி விலை கொடுத்த சுற்றுலாப் பயணியின் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்தார். அவருக்காக 1978, 79-ல் பல நிறுவனங்கள் நடுவில் ஒரு வகுப்பை உண்டாக்கின. அதுதான் பிசினஸ் கிளாஸ்.

அந்த நடு வகுப்பு வளர வளர, முதல் வகுப்பு தன் விலையை நியாயப்படுத்த மேலே மேலே ஓடவேண்டி வந்தது. 1990களின் நடுவில் முழுதாக நீளும் படுக்கை. 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் படுக்கையை பிசினஸ் வகுப்புக்கும் கொண்டுவந்துவிட்டது. அப்புறம் முதல் வகுப்பு என்ன செய்யும்? 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ380 விமானத்தில் கதவு வைத்த 12 தனி அறைகளுடன் பறந்தது. 2008-ல் எமிரேட்ஸ் குளியலறையே வைத்தது. இந்தப் போட்டியில் களைத்துப்போன பல நிறுவனங்கள் முதல் வகுப்பையே எடுத்துவிட்டன.

குளிரிலிருந்து ஓடியவர்கள்

இப்போது இறங்கும் ஊருக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணக்காரருக்குக் குளிர்காலப் பயணம் என்றால், குளிரிலிருந்து தப்பி ஓடும் பயணம். பிரான்சின் தென்கடற்கரையில் நீஸ் நகரம் அப்படி வளர்ந்ததுதான். அங்கே கடலோரச் சாலைக்கு 'ஆங்கிலேயர் உலாவும் பாதை' என்றே பெயர். விக்டோரியா மகாராணியே 1890களின் பிற்பகுதியில் நீஸுக்குப் போய்த் தங்கினார். 1922 டிசம்பரில் இந்தப் பாதையில் ஓடத் தொடங்கிய நீலநிறத் தூங்கும் பெட்டிகள் 'நீல ரயில்' என்று புகழ்பெற்றன. அன்றைய முதல் வகுப்புக் கனவு அதுதான்.

குளிரையே விற்கலாம் என்று கண்டுபிடித்தவர் ஒரு ஹோட்டல்காரர். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் கோடையில் மட்டும்தான் கூட்டம். 1864-ல் யோஹானஸ் பத்ருட், ஊருக்குக் கிளம்பிய ஆங்கிலேய விருந்தினர்களிடம் பந்தயம் கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. "குளிர்காலத்தில் வாருங்கள், இங்கே நல்ல வெயில் அடிக்கும். பிடிக்கவில்லை என்றால் செலவு என்னுடையது." வந்தார்கள், மாதக்கணக்கில் தங்கினார்கள். அந்த ஊர் 1928, 1948 என்று இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் நடத்தியது. எல்லாம் காலி அறைகளை நிரப்பக் கட்டிய பந்தயத்தில் ஆரம்பித்தது!

ஆனால் மலை வேறு, நகரம் வேறு. நகரத்தில் குளிர்காலம் என்றால் நிலக்கரிப் புகை. டூரிஸ்ட் வகுப்பு வந்த அதே 1952-ன் டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூட்டம் மூடியது. பஸ்கள் நின்றன. ஓர் அரங்குக்குள்ளேயே புகை நுழைந்து ஆபரா பாதியில் நிறுத்தப்பட்டது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. இன்று டிசம்பர் லண்டனில் மூச்சு விட்டுக்கொண்டு நடக்க முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் அத்தனை சாவு இருக்கிறது.

திருவிழாக்களின் கதையும் இப்படித்தான். ட்ரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தை 1434 முதல் நடக்கிறது. அது நிஜமாகவே பழையது. ஆனால் வியன்னாவின் புகழ்பெற்ற புத்தாண்டு இசைக்கச்சேரி முதலில் நடந்தது 1939 டிசம்பர் 31, நாஜி ஆட்சியில். வசூல் போனது அவர்களின் போர்க்கால நிவாரண நிதிக்கு. 1959-ல் தொலைக்காட்சியில் வரத் தொடங்கிய பிறகே அது உலகத்தின் கச்சேரியானது. வெனிஸின் முகமூடித் திருவிழா 1797-ல் குடியரசு விழுந்ததோடு ஓய்ந்துபோய், 1979, 80-ல் மறுபடி உயிர் கொடுக்கப்பட்டது. பிப்ரவரியில் காலியாகக் கிடந்த ஊர் இப்போது அந்த நாட்களில் நிரம்பி வழிகிறது.

சரி, இதனால் என்ன?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களைத் தவிர்த்துவிட்டால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் ஐரோப்பிய டிக்கெட்டும் அறையும் பொதுவாக மலிவு. முன்னால் படுத்திருப்பவர் கொடுக்கும் பெரிய தொகையும், காலி இருக்கையை எப்படியாவது தள்ளிவிட வேண்டிய நிறுவனத்தின் அவசரமும் சேர்ந்துதான் பின்னால் இருப்பவருக்கு அந்த விலையைக் கொடுக்கின்றன. அதனால் விலைப் பாகுபாட்டை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 1948-ன் 35 பேரில் நம் வீட்டு ஆட்கள் யாரும் இருந்திருக்க முடியாது. டிக்கெட்டைப் பிரிக்காமல் இருந்திருந்தால் இன்றும் இருக்க முடியாது.

ஆனால் இரண்டு விஷயங்களை வேறு வேறாகப் பார்க்க வேண்டும். காசு அதிகம் கொடுப்பவருக்குக் கூடுதலாக ஒன்றைத் தருவது ஒன்று. குறைவாகக் கொடுப்பவரிடமிருந்து செலவே இல்லாத ஒன்றை வேண்டுமென்றே பிடுங்குவது இன்னொன்று. கூரையும் சாண்ட்விச்சும் இரண்டாவது ரகம். நாளைக்கு நம்மில் யாராவது ஒரு நிறுவனத்தில் விலை நிர்ணயம் செய்யும் மேஜையில் உட்காரலாம். அப்போது முன்னால் வரும் தாளில் எது முதல் ரகம், எது இரண்டாம் ரகம் என்று கேட்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு தனி அறை எடுத்துக்கொள்ளும் இடத்தில் பல எகானமி இருக்கைகளைப் போடலாம். அப்படியானால் எரிந்த எரிபொருளில் அந்த ஒருவரின் பங்கும் பல மடங்கு. அந்தப் புகை சூடாக்குவது, அவர் பார்க்கப் போகிற அதே பனியைத்தான். இந்தச் செலவு எந்த டிக்கெட்டிலும் முழுதாக அச்சடிக்கப்படுவதில்லை. அதை யார் கணக்கில் எழுதுவது? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?