2 எம்.பி.க்குள் அடங்காத தாத்தா

 

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரம் எழுதிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன வருடம் ஓர் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு என் பழைய மாணவன் ஒருவன் கோல் எடுத்தான். பசறைப் பக்கத்துத் தோட்டம். "சேர், பைல் போகுதில்ல. பெருசா இருக்குன்னு வருது." ஏதோ ஒரு விண்ணப்பம், நள்ளிரவோடு கடைசி நாள் முடிகிறது. ஆவணங்கள் எல்லாம் ஒரே பி.டி.எப்.பாக, 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். அவன் போனில் படம் பிடித்துச் சேர்த்தது 31 எம்.பி. வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். தோட்டத்துச் சிக்னலில் அது என்னிடம் வந்து சேரவே முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது.

திறந்து பார்த்தேன், 11 பக்கம். அதே விண்ணப்பத்துக்கு பதுளை டவுனில் எங்கள் உறவுக்காரப் பிள்ளை அனுப்பியது மூன்றே பக்கம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேறு, அவ்வளவுதான். இவனுக்கு ஏன் 11? அம்மாவின் பெயர் ஓரிடத்தில் லெட்சுமி, இன்னோரிடத்தில் லெச்சிமி. அதற்கொரு சத்தியக்கடதாசி. அப்பாவின் பெயரில் ஓரெழுத்து இல்லை, அதற்கும் ஒன்று. கடைசிப் பக்கத்தில், பழுத்த இலை நிறத்தில், மடித்த இடமெல்லாம் கிழிந்து, தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். அதை யாரும் கேட்கவே இல்லை. "இது எதுக்குடா?" என்றேன். "அது இல்லாம எங்கயும் எதுவும் குடுக்கக் கூடாதுன்னு தாத்தா சொல்லியிருக்காரு சேர்."

நான் வரலாறு படிப்பிக்கிறவன். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு என்னால் அந்தப் பக்கத்தை எடுத்துப் போட முடியவில்லை.

தோட்டத்து மக்களுக்கும் கடதாசிக்கும் உள்ள கணக்கு பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகரச் சீட்டு தொங்கியது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்ற அடையாளம் அதில் இருக்கும். ஒரு முழு மனிதனை அந்தத் தகரத்துக்குள் அடக்கிவிட்டார்கள். இன்றைக்கு எந்தச் சொப்ட்வெயரும் அவ்வளவு சுருக்காது. பிறகு "துண்டு" இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதிய சீட்டு. 1921இல்தான் அதை ஒழித்தார்கள்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக 10 வருடம், கலியாணம் முடித்தவர் என்றால் 7 வருடம், இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்து அறையில் வாழ்ந்தவரிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? செக்ரோல் துரையின் ஒபிசில், பிறப்புப் பதிவு எழுதியவர் காதில் விழுந்தபடி. 1951 ஓகஸ்ட்டோடு காலக்கெடு முடிந்தபோது எட்டு இலட்சம் பேரளவில் விண்ணப்பித்திருந்தார்கள். கிடைத்தது ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை அங்கே, 3,00,000 பேரை இங்கே என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதி பாதியாகப் பங்குபோட்டார்கள். அந்த ஒப்பந்த நாளிலிருந்து இங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் 2003இல் வந்த சட்டம்தான் ஒருவாறு வழி திறந்தது.

ஆகவே 2 எம்.பி. என்ற எல்லை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவன் அதற்குள் மூன்று பக்கத்தை வைக்கிறான், மற்றவன் ஐம்பது வருடத்தை வைக்க வேண்டியிருக்கிறது.

இனி நான் விட்ட பிழை. கூகுளில் முதலில் வந்த இலவசத் தளத்தில் பைலைப் போட்டு, "மிக அதிகச் சுருக்கம்" என்பதைத் தட்டினேன். 1.4 எம்.பி. ஆனது. பதினொன்றே முக்காலுக்கு அப்லோட் ஆகிவிட்டது. பெருமையோடு படுத்தேன். மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது: பிறந்த திகதி தெளிவில்லை, மூலப்பிரதியோடு நேரில் வரவும். 3ஆ 8ஆ என்று என் கண்ணுக்கும் விளங்கவில்லை. மகனோடு அம்மாவும் போனதில் அவருக்கு ஒரு நாள் பேர் இல்லாமல் போனது.

பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தராத பாடம்.

சுருக்குவதில் இரண்டு வழி. ஒன்று, எதையும் எறியாமல் சுருக்குவது. 1951இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரொபர்ட் பானோ என்ற பேராசிரியர், பரீட்சை எழுதுங்கள் அல்லது இந்தக் கணக்கைத் தீர்த்துக் கட்டுரை தாருங்கள் என்று வகுப்பில் சொன்னார். தானே தீர்க்க முடியாத கணக்கு அது என்பதைச் சொல்லவில்லை (நாங்களும் இந்த வித்தையைப் பழகலாம்). டேவிட் ஹப்மன் என்ற மாணவர் தீர்த்துவிட்டார். அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடு, எப்போதாவது வருவதற்கு நீளக் குறியீடு. 1980இல் பெக்ஸ் இயந்திரங்களுக்கு வந்த சர்வதேச நியமம் இதையே எடுத்துக்கொண்டது. ஒரு வரியில் 1,728 புள்ளி. எல்லாம் வெள்ளை என்றால் ஒவ்வொன்றாக அனுப்பத் தேவையில்லை, "1,728 வெள்ளை" என்றால் போதும். எழுத்துள்ள பக்கத்தில் பெரும்பகுதி வெள்ளைதானே.

மற்றது, கண் கவனிக்காததை எறிவது. பெங்களூரில் பிறந்த நசீர் அஹமத் என்ற பேராசிரியர் 1972இல் இதற்கொரு கணித முறையை முன்வைத்து அமெரிக்க அரச நிதியம் ஒன்றிடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை, யோசனை மிக எளிதாகத் தெரிந்ததாம். விடாமல் தன் மாணவர் நடராஜனோடும் பேராசிரியர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் வெளியிட்டார். 1992இல் ஜேபெக் நியமம் அந்தக் கணக்கின்மேல்தான் எழுந்தது. இன்று உங்கள் போனில் இருக்கும் கலியாண வீட்டுப் படங்கள் அநேகமாக அதில்தான் ஓடுகின்றன. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக்கி, நுண்ணிய மாற்றங்களை அது குறைத்துவிடும். முகத்துக்கும் வானத்துக்கும் அது பிரச்சினையே இல்லை. ஆனால் 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் அந்த நுண்ணிய மாற்றம்தான். நான் ஒரு சான்றிதழைக் கலியாணப் படம் போலச் சுருக்கியிருக்கிறேன்.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர், செரொக்ஸ் இயந்திரங்கள் சில ஸ்கேன் செய்யும்போது இலக்கங்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரே மாதிரித் தெரியும் வடிவங்களை ஒரு தரம் மட்டும் சேமித்து இடம் மிச்சம் பிடிக்கும் முறை அது. ஒரு வீட்டு வரைபடத்தில் வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளும் 14.13 சதுர மீற்றர் என்று வந்திருந்தன. மங்கலாக இல்லை, பளிச்சென்று பிழையாக. மங்கியிருந்தால் கடிதமாவது வரும்.

கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2,480 பெருக்கல் 3,508, அதாவது சுமார் 87 இலட்சம் புள்ளி. முழு நிறத்தில் சுருக்காமல் 26 எம்.பி. அதையே சாம்பல் நிறமாக்கினால் 9 எம்.பி.க்குக் கிட்ட. வெறும் கறுப்பு வெள்ளை என்றால் 1 எம்.பி.தான், பெக்ஸ் முறையில் சுருக்கினால் அதிலும் சிறு பகுதியாகிவிடும். ஆகவே டைப் செய்த தாள்களை, சத்தியக்கடதாசி போன்றவற்றை, கறுப்பு வெள்ளையில் எடுங்கள். எழுத்து கூராகவே இருக்கும், பைலும் இளைக்கும். மங்கிய மை, சீல் உள்ள பழைய தாளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சீல் காணாமல் போகும். அதற்குச் சாம்பல் நிறம், 200 புள்ளி. நிழல் விழாமல், மேசையில் வைத்து, ஓரங்களை வெட்டி எடுங்கள். போர்வையின் பூக்களுக்கும் எம்.பி. செலவாகிறது. அனுப்பமுன் எல்லா இலக்கத்தையும் பெருப்பித்துப் பாருங்கள். அடையாள அட்டையை ஊர்பேர் தெரியாத தளத்தில் போடவே வேண்டாம், நான் செய்தது அந்த வகையிலும் பிழை.

அந்தப் பிள்ளையின் 11 பக்கத்தையும் போன மாதம் திரும்ப எடுத்தோம். 1.7 எம்.பி. 3, 3ஆகவே தெரிகிறது. தாத்தாவின் சான்றிதழை மட்டும் தனியாக முழு நிறத்தில், 600 புள்ளியில் எடுத்து, சுருக்காமல் அவன் மெமரி கார்டிலும் என் கணினியிலும் போட்டு வைத்திருக்கிறோம். மூலப்பிரதி திரும்பவும் பால்மா டின்னுக்குள் போய்விட்டது.

ஞாயிறு அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் யாரும் வரலாம். போனில் எடுத்த படத்தோடு வராமல் ஒரிஜினலோடு வாருங்கள். கடைசி நாளுக்கு முதல் வாருங்கள்.