தசம் ஏழு அஞ்சு

2000ஆம் ஆண்டு மே 13, சனிக்கிழமை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்ட்டன் என்றொரு சிற்றூர். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற ஐந்தாம் இலக்கக் கிணற்றின் தினப்பதிவுத் தாளில் அன்றைய திகதிக்கு நேரே 0.75 என்று எழுதியிருக்கிறது. கிருமியோடு சண்டை பிடித்து முடிந்த பிறகும் ஒரு லீற்றர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கு அது. தாளை நம்பினால் தண்ணீர் நல்ல தண்ணீர்.

அந்த எண்ணை ஒருவரும் அளக்கவில்லை. எழுதியவர் கிணற்றடிக்குப் போனார், பம்ப் ஓடுகிறதா என்று பார்த்தார், பேனையை எடுத்து வழமைபோல ஓர் எண்ணை எழுதிவிட்டு வந்தார். சுமார் 4,800 பேர் வாழ்ந்த அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த 2,300 பேர்வரை நோயில் விழுந்தார்கள். ஏழு பேர் செத்துப்போனார்கள். சிறுநீரகம் பழுதடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களில் அநேகர் சின்னப்பிள்ளைகள்.

நான் செய்வதும் அதே வேலைதான். வட ஒன்ராறியோவில் ஐந்நூறு பேர்கூட இல்லாத ஓர் ஊரின் தண்ணீர் ஒப்பரேட்டர். பக்கத்து ஊர் என்று சொல்லக்கூடியது ஒன்றரை மணிநேரக் கார் ஓட்டத்தில். சின்ன ஊர்களில் ஆள் பற்றாக்குறை என்பதால் குடிதண்ணீரும் கழிவுநீரும் ஒருவர் தலையில்தான். காலமை ஏரித்தண்ணியை வடிகட்டி ஊருக்கு அனுப்புவேன். மத்தியானம் சப்பாத்தை மாற்றிக்கொண்டு, ஊர் திருப்பி அனுப்பினதைப் பார்க்கக் கழிவுநீர்க் குளத்துக்குப் போவேன். பெரும்பாலான நாட்களில் என்னோடு கதைப்பது பம்புகள் மட்டும்தான்.

இந்த மாகாணத்தில் ஒப்பரேட்டராகச் சேருகிற எவருக்கும் முதலில் சொல்லித்தருகிற கதை வோக்கர்ட்டன். எனக்கும் அப்படித்தான் தெரிய வந்தது. பாடத்தில் அது இரண்டு கெட்ட ஆட்களின் கதைபோல இருந்தது. பிறகு நீதிபதி டெனிஸ் ஓகொனரின் விசாரணை அறிக்கையைக் குளிர்கால இரவுகளில் இருந்து வாசித்தேன். அதில் இருந்தது வேறு கதை.

ஐந்தாம் கிணறு 1978இல் தோண்டப்பட்டது. ஆழம் குறைவு. தண்ணீர் ஊறி வருவது நிலமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல் பாறையிலிருந்து. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கட குடாநாடு முழுக்க அந்தக் கல்தான். மேலே ஊற்றினது கீழே போய்ச்சேர அதிக நேரம் எடுக்காது. மலசலகூடக் குழியும் தோட்டத்து உரமும் கிணற்றைத் தேடி வருகிற நிலம் அது.

வோக்கர்ட்டனில் அந்த மே மாதம் 8 முதல் 12 வரை ஐந்து நாள் விடாத மழை, 134 மில்லிமீற்றர். கிணற்றுக்குப் பக்கத்துப் பண்ணையில் மாட்டெரு போட்டிருந்தார்கள். பண்ணைக்காரர் முறைப்படிதான் செய்தார், அவரில் பிழை இல்லை என்று அறிக்கை சொல்கிறது. மழை எருவைக் கழுவிக் கிணற்றுக்குள் இறக்கியது. ஈ.கோலை ஓ157 என்ற கொடிய பக்ரீறியா அதோடு வந்தது.

குளோரினுக்கு ஒரு குணம் உண்டு. அழுக்கைக் கண்டால் அதோடு மல்லுக்கட்டித் தானே தீர்ந்துபோகும். அதனால்தான் எவ்வளவு போட்டோம் என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்பது முக்கியம். அளப்பதும் பெரிய வித்தை இல்லை. சின்னக் குழாயில் தண்ணியைப் பிடித்து, ஒரு பொட்டலம் தூளைக் கொட்டிக் குலுக்கினால் இளஞ்சிவப்பாகும். கருவிக்குள் வைத்தால் எண் வரும். இரண்டு நிமிஷ வேலை. வோக்கர்ட்டனில் அந்த வார இறுதியில் யாராவது அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழித்திருந்தால், குழாய் அநேகமாக நிறம் மாறாமல் வெறுமனே நின்றிருக்கும். அந்த நிறமின்மைதான் அபாயமணி. அளந்திருந்தால் நோயின் பரவல் வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது ஓகொனரின் முடிவு.

ஏன் அளக்கவில்லை? அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் ஸ்டான், பிராங்க் கோபெல் என்ற சகோதரர்கள். ஸ்டான் இருபது வயதுகூட ஆகாத காலத்தில் 1972இல் வேலைக்குச் சேர்ந்தவர், 1988இல் மேலாளர் ஆனவர். இருவருக்கும் ஒப்பரேட்டர் சான்றிதழ் இருந்தது. பரீட்சை எழுதி எடுத்ததில்லை. பல வருஷம் வேலை செய்த அனுபவத்துக்காக அரசாங்கம் கொடுத்தது. ஈ.கோலை என்ன செய்யும் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. குளோரின் மணக்குது என்று சனம் முறைப்பாடு சொன்னதால் குறைத்துத்தான் போட்டார்கள். தங்கட ஊர்த் தண்ணி சுத்தம் என்று மனதார நம்பினார்கள். கிணற்றடியில் மருந்து சேராத தண்ணியைத் தாங்களே குடித்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் போனில் விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டுச் சொன்னா: "அப்ப கிணத்துக்கு மருந்து போடுற வேலையோ? எங்கட கிணத்துக்கு ஆர் தம்பி மருந்து போட்டது? நீங்கள் எல்லாம் அதைக் குடிச்சுத்தானே வளந்தனீங்கள்." வாந்திபேதிக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டுவிட்டுப் போனால், மணம் போகுமட்டும் பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளின சனம் நாங்கள். ஊர்க்கிணறு மேல் உள்ள பாசம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வோக்கர்ட்டனில் அந்தப் பாசத்தின் கையில் பதிவுத்தாளும் இருந்தது.

ஆனாலும் அறியாமை ஓர் எல்லைவரைதான். மே 17ஆம் திகதி ஆய்வுகூடத்திலிருந்து தொலைநகல் வந்தது: தண்ணீரில் ஈ.கோலை. ஸ்டான் அதைச் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகள் இரத்த வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரிக்கு வர, சுகாதார அதிகாரிகள் சந்தேகப்பட்டு 19ஆம் திகதி தொலைபேசியில் கேட்டார்கள். தண்ணி நல்லாத்தான் இருக்கு என்றார். அடுத்தநாள், அங்கே வேலை செய்த இன்னொருவர் பெயரைச் சொல்லாமல் சுற்றுச்சூழல் அமைச்சுக்குத் தொலைபேசி எடுத்து, மாதிரிகள் பழுது என்று சொன்னார். 21ஆம் திகதி, தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவித்தல் வந்தது. 22ஆம் திகதி முதல் மரணம்.

அந்தத் தொலைநகலை ஆய்வுகூடம் ஏன் நேராக அரசாங்கத்துக்கு அனுப்பவில்லை? அனுப்பவேண்டும் என்று சட்டம் இருக்கவில்லை. 1996இல் மாகாண அரசு நகரசபைகளுக்குச் செய்துவந்த தண்ணீர்ச் சோதனையை நிறுத்தி, தனியாரிடம் போகச் சொல்லிவிட்டது. யார் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்பதை எழுதி வைக்க மறந்துவிட்டது. சுற்றுச்சூழல் அமைச்சின் காசையும் ஆட்களையும் வெட்டியதும் அதே காலம்தான்.

என்னை உலுப்பிய விஷயம் இன்னொன்று. அந்தத் தாள்களில் வருஷக்கணக்காக ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் 0.5, இல்லாவிட்டால் 0.75. உண்மையான தண்ணீர் அப்படி நடக்காது. என் கொப்பியில் திங்கள் 0.71 என்றால் செவ்வாய் 0.64, புதன் 0.82. மழை பெய்தால் மாறும், வெயில் எறித்தால் மாறும். மருந்தே நாள்பட நாள்பட வீரியம் குறையும். ஒரே எண் வரிசையாக நிற்கிற தாளை ஒப்பரேட்டர் ஒருவர் பார்த்தால், பொய் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அமைச்சின் பரிசோதகர்கள் 1991, 1995, 1998 என்று மூன்று தடவை வந்து போனார்கள். தாள்கள் அங்கேயேதான் இருந்தன.

எழுதுவதை ஒருவரும் வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்தபிறகு மனிதர் என்ன எழுதுவார்? தூரத்து ஊர்களில் இந்த வேலையின் முழுக் கஷ்டமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பனியில் குழாய் உறைவது, இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிப்பது எல்லாம் பழகிப்போகும். சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காத வேலை இது. ஒன்றும் நடக்காத நாளைப் பார்த்துச் சபாஷ் சொல்ல ஆள் வராது. அளந்த நாளும் அளக்காத நாளும் வெளியே இருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், மழை வருமட்டும்.

2004இல் சகோதரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஸ்டானுக்கு ஒரு வருஷச் சிறை, பிராங்குக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல். ஓகொனர் அவர்களை விட்டுவிடவில்லை. அதேநேரம் அவர்களோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. 2002இல் வந்த இரண்டு பாகங்களில் 121 பரிந்துரைகள். ஐந்தாம் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் ஓயாமல் அளக்கும் கருவிகள் இருந்திருந்தால் இந்த அழிவே நடந்திராது என்று எழுதினார். அதே வருஷம் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. இப்போது என் மாதிரியில் கிருமி என்றால் ஆய்வுகூடமே நேராக அறிவிக்கவேண்டும். ஒப்பரேட்டருக்குப் பரீட்சை உண்டு, தொடர்ந்து படிப்பு உண்டு. வோக்கர்ட்டனிலேயே 2004இல் ஒரு பயிற்சி நிலையம் திறந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், கொப்பிக்கு வாசகர் கிடைத்தார். எனக்கு அது காவல் மட்டுமில்லை, துணையும்தான்.

இந்தச் சட்டம் போய்ச்சேராத ஊர்கள் இதே மாகாணத்துக்குள் இருக்கின்றன. பூர்வகுடிகளின் ஒதுக்கிடங்கள் மத்திய அரசின் பொறுப்பு என்பதால் மாகாணச் சட்டம் அங்கே செல்லாது. 2005 ஒக்ரோபரில், ஜேம்ஸ் விரிகுடாவுக்குப் பக்கத்தில் இருக்கிற கஷெச்செவனில் தண்ணீரில் ஈ.கோலை வந்து, நூற்றுக்கணக்கானவர்களை விமானத்தில் ஏற்றி வெளியேற்றினார்கள். அங்கே தண்ணீர் எடுக்கும் இடத்தைக் கழிவுநீர் விடும் இடத்துக்குக் கீழ்ப்பக்கம் கட்டியிருந்தார்கள். எந்த ஒப்பரேட்டர் எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் அந்த வரைபடத்தைத் திருத்த ஏலாது.

தண்டர் பேயிலிருந்து வடக்கே 400 கிலோமீற்றருக்கு அப்பால் நெஸ்கன்ராகா. வருஷம் முழுக்கப் போய்வர விமானம் மட்டும்தான். ஏரியும் சதுப்பும் உறைகிற மாதங்களில் பனிப்பாதை. 1995 பெப்ரவரியில் அங்கே கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். வோக்கர்ட்டனுக்கு ஐந்து வருஷம் முந்தி. வோக்கர்ட்டன் நடந்தது, விசாரணை முடிந்தது, சட்டம் வந்தது. நெஸ்கன்ராகாவின் அறிவித்தல் அப்படியே நின்றது. 2015இல் நாடு முழுக்க நீண்டகால அறிவித்தல்கள் 105. 2021 மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் முடிப்பதாக வாக்குறுதி தந்தார்கள். அந்தத் தவணை தவறியது. ஒதுக்கிடங்களின் குடிநீருக்கென்று 2013இல் வந்த சட்டத்தை 2022இல் நீக்கினார்கள். அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த மசோதா, 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் கூட்டத்தொடரை முடித்துவைத்தபோது செத்துப்போனது.

வோக்கர்ட்டனில் எண் பொய்யாக இருந்தது, அதனால் சனம் குடித்தது. நெஸ்கன்ராகாவில் எண்ணை எவரும் ஒளிக்கவில்லை. முப்பது வருஷமாக எல்லாருக்கும் தெரிந்த எண் அது, தலைநகர் ஒட்டாவா உட்பட. கொப்பிக்கு வாசகர் இருந்தால் போதும் என்று நான் நம்பியிருந்ததை அந்த ஊர் உடைத்துப் போட்டது. வாசித்தவருக்கு உறைக்கவும் வேண்டும்.

1995இல் அங்கே பிறந்த பிள்ளைக்கு இன்றைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் போத்தல் தண்ணீரில்தான் பால்மா கரைக்கிறார்கள்.