எல்லைப்புறத் தமிழரும் ஆங்கிலச் சொற்பயிற்சியும்

அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாற்றின் நாட்டில் அம்பூரி, பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய ஊர்கள் உள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு முதலிய பகுதிகள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், உத்தியோகத்துக்கு ஆங்கிலம். இம்மூன்றும் சுமையா, செல்வமா என்பதே நம் கேள்வி.

தென் திருவிதாங்கூரில் ஆங்கிலக் கல்வி புகுந்த வரலாறு சுவையானது. 1806இல் வந்த ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடியில் தங்கிப் பணிபுரிந்தார். 1818இல் வந்த மீட் பாதிரியார் நாகர்கோவிலில் கல்விச்சாலையை வளர்த்தார். 1834இல், சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தோன்றியது. 1866இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அக்கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவி 1891இல் ‘மனோன்மணீயம்’ என்னும் தமிழ் நாடகத்தை அளித்தார். அயல்மொழிப் புலமை தாய்மொழிக்கு ஆக்கமாயிற்று.

அகராதிகளின் கதையும் நோக்கத்தக்கது. 1779இல் வேப்பேரியில் பெப்ரீஷியஸ் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியின் தலைப்பில் தமிழுக்கு இடப்பட்டிருந்த பெயர் ‘மலபார்’ என்பது! ஐரோப்பியர் அந்நாளில் நம் மொழியை அவ்வாறே வழங்கினர். 1849இல் பெய்லியின் ஆங்கில–மலையாள அகராதி வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம், சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை வெளியாயிற்று.

அரிய ஆங்கிலச் சொற்களை நெட்டுருச் செய்வோர் பலர். பரீட்சை முடிந்ததும் அவை மறந்துபோகின்றன. வேரறிந்து கற்றால் நிலைக்கும். கிரேக்கத்தில் ‘டெலி’ என்றால் தொலைவு; ‘போன்’ என்றால் ஒலி; ‘ஸ்கோப்’ நோக்குதலைக் குறிக்கும். தொலைபேசி, தொலைநோக்கி என நாம் சொல்லும்போது அந்த வேர்களின் பொருளே தமிழில் பேசுகிறது.

சொற்கள் இடம் மாறினால் பொருளும் மாறும். இதை எல்லைப்புறத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழில் விரைவைக் குறிக்கும் ‘அவசரம்’ மலையாளத்தில் வாய்ப்பைக் குறிக்கும். நமக்குச் சொற்பொழிவாகிய ‘உபன்யாசம்’ அவர்களுக்குக் கட்டுரை. ஆங்கிலத்தில் ‘லைப்ரரி’ நூல்நிலையம். பிரெஞ்சில் அதன் இனச்சொல்லாகிய ‘லிப்ரேரி’ புத்தகக் கடை. முன்னதை உணர்ந்த பிள்ளைக்குப் பின்னது வியப்பாகாது. மேலும் தேக்கு, வெற்றிலை, கயிறு ஆகியவை ‘டீக்’, ‘பீட்டல்’, ‘காயர்’ என ஆங்கிலத்தில் குடியேறியவையே. அவற்றுள் முதலிரண்டும் போர்ச்சுகீசியர் வாயிலாகச் சென்றவை.

டில்லியிலும் மும்பையிலும் வாழும் நேயர்களின் பிள்ளைகளும் இந்த எல்லைப்புறப் பிள்ளைகளைப் போன்றவர்களே. ஆங்கிலம் வளரத் தமிழை விலக்க வேண்டும் என எண்ணுதல் தவறு. புதிய சொல்லொன்றைக் கற்றவுடன் அதன் வேரை அகராதியில் காணட்டும். அதன் பொருளைத் தமிழ் வாக்கியம் ஒன்றில் எழுதட்டும். பக்கத்து வீட்டார் மொழியில் அதற்கு நேர்சொல்லைக் கேட்டறியட்டும். அவ்வாறு கற்ற சொல் பரீட்சையோடு மறைவதில்லை.