எழுபது குறிகளில் தொடங்கிய உரையாடல்

"வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுக் குடும்பத்தாரும் நண்பர்களும் வேறு எந்தச் செயலியில் கூடலாம்?" எனப் பூச்சோங் நண்பர்கள் சிலர் அடிக்கடி வினவுகின்றனர். விடை கூறுமுன் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

கின்றாரா தோட்டமாக இருந்த காலத்தில் லயத்து வாசலே நம்மவரின் உரையாடற் களம். குடும்பங்கள் பூச்சோங், கிள்ளான், சிரம்பான் எனப் பிரிந்த பின்னர்க் கைப்பேசிக் குறுஞ்செய்தி வந்தது. ஆனால் அதில் தமிழுக்கு இடம் குறைவு. உரோமன் எழுத்தில் 160 எழுத்துகளை ஏற்கும் ஒரு குறுஞ்செய்தி, ஒருங்குறித் தமிழில் 70 குறிகளையே ஏற்கும். 'அம்மா' என்னும் சொல்லுக்கே ஐந்து குறிகள் செலவாகும்: அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், கால். பல கைப்பேசிகளில் அவையும் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. ஆகவே நம் பிள்ளைகள் தமிழை உரோமன் எழுத்தில் எழுதப் பழகினர். (அப்பழக்கத்தை வகுப்பறையில் இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறோம்!)

இக்குறையைப் போக்க முனைந்தவர் நம் நாட்டவரான முத்து நெடுமாறன். முரசு அஞ்சலை உருவாக்கிய அவரது 'செல்லினம்' 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியிலேயே தமிழில் எழுதி அனுப்பலாம் என்பது அன்று பெரும் வியப்பு.

வாட்ஸ்அப் 2009இல் தோன்றியது. 2011இல் குழு வசதி வந்தது. எழுத்தெண்ணிக்கைக் கவலை ஒழிந்தது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பாடம், திருமணம், இரங்கல் யாவும் கைப்பேசிக் குழுக்களுக்குள் வந்துவிட்டன.

2021 சனவரியில் புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்குமாறு வாட்ஸ்அப் அறிவித்ததும் எங்கள் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. இளையோர் சிக்னல் என்றனர். நண்பர் கூட்டமுடைய தம்பி டெலிகிராம் என்றான். கிள்ளான் பெரியம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு வாரம் அவருக்கு எந்தப் படமும் போய்ச் சேரவில்லை. "என்னை ஒதுக்கிவிட்டீர்களா?" என்று அவர் தொலைபேசியில் கேட்ட பின்னரே எல்லாரும் திரும்பினர்.

செயலிகளின் தன்மையை நோக்குவோம். டெலிகிராமில் பெருங்குழு அமைக்கலாம். ஆனால் அதன் குழு உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இல்லை. வாட்ஸ்அப்பில் அது 2016 முதல் உண்டு. எனினும் யார், யாருடன், எப்போது பேசினர் என்னும் விவரங்கள் நிறுவனத்துக்குக் கிட்டும். சோகோ நிறுவனத்தின் 'அரட்டை' 2025இல் திடீர்ப் புகழ் பெற்றது. அவ்வெழுச்சியின்போது எழுத்துரையாடலுக்கு அத்தகைய மறையாக்கம் முழுமையாக வந்திருக்கவில்லை. சிக்னலிடம் 2016இல் அமெரிக்க அதிகாரிகள் தகவல் கோரியபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் இறுதியாக இணைந்த நாளும் மட்டுமே அதனால் அளிக்க முடிந்தன.

எனவே குடும்பத்திற்குச் சிக்னலையே பரிந்துரைப்பேன். ஆனால் வீட்டுப் பெரியவரின் அருகில் அமர்ந்து, அவர் கைப்பேசியில் அதை நிறுவி, தமிழ் விசைப்பலகையையும் அமைத்துக் கொடுங்கள். அவர் தாமே ஒரு வரி எழுதி அனுப்பிய பின்னர்ப் பழைய குழுவைக் கலைக்கலாம்.