வெக்ட்ரெக்ஸ்
1982-இல் அமெரிக்காவில் ஜெனரல் கன்ஸ்யூமர் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வீட்டு வீடியோ கேம் கருவி. இதற்கு டிவி தேவையில்லை. 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை கருவியிலேயே இருந்தது. எலக்ட்ரான் கற்றை கோடு கோடாக இழுத்தே உருவங்களை வரையும். மூளையாக இருந்தது மோட்டோரோலா 6809 சில்லு. நிறம் வேண்டுமானால் விளையாட்டுக்கு ஒன்றாக வந்த வண்ண பிளாஸ்டிக் தாளைத் திரைமுன் செருக வேண்டும். ‘மைன் ஸ்டார்ம்’ என்ற விளையாட்டு கருவியின் உள்ளேயே பதிந்திருந்தது. வீடியோ கேம் சந்தைச் சரிவில் சிக்கி 1984-இல் உற்பத்தி நின்றது.

இன்று, பழைய கருவிகளைக் கணினியில் போலச்செய்யும் மேம் போன்ற எமுலேட்டர்களில் இதன் விளையாட்டுகளை ஆடலாம். வண்ணத்தாளைப் படக்கோப்பாகத் திரைமேல் போர்த்துவது எளிது. சிக்கல் கோடுகளில்தான்: புள்ளிகளாலான திரையில் சாய்கோடு படிக்கட்டாக உடையும், அசல் திரையின் பாஸ்பர் பூச்சு தரும் ஒளிர்வையும் கணக்கிட்டே காட்ட வேண்டும். தெளிவுமிக்க திரை இருந்தால் குறை குறையும். அசலின் பளிச்சிடல் மட்டும் வருவதில்லை.